சவுண்ட் செக்கில் மட்டும் பாடிய பாட்டு

மகன், அப்பா பாசிக்குடாவுக்கு வந்து நீ வேலை செய்கிற ஹோட்டல் வாசலில் நின்று இந்தக் கடிதத்தைத் தரும்போது கூடவே ஒரு பார்சலும் தருவார். பார்சலில் இறால் பொரியலும் புட்டும் இருக்கும். அதில் இப்போதே கையை வைக்காதே. முதலில் இதை வாசி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதைத் தொடங்கினாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது. உன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் இதை வாசித்துக் காட்டு, யார் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை. உறைக்குள் சின்னதாக ஒன்று உருளும். அதை வெளியே எடுக்காமல் வைத்திரு, கடைசியில் சொல்கிறேன்.

நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்தியை நான் எத்தனை தரம் கேட்டேன் என்று அப்பாவிடம் கேள். "அம்மா, பயப்பிடாதீங்க. சனிக்கிழம கோயில்ல நாங்க படப்பாட்டு மட்டும்தான் வாசிக்கிறம். எங்கட பாட்டெல்லாம் சவுண்ட் செக்கில பாடிப்போட்டு விட்டிருவம். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது." இவ்வளவுதான் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத முடிவில் நீ கட்டாருக்கு வேலைக்குப் போகிறாய். ஓட்டமாவடி அன்சாரும் கிரான் ரமேசும் நீ இல்லாமல் தனியாக மேடை ஏற மாட்டார்கள். ஆக, இந்தச் சனிக்கிழமை விட்டால் 'உப்புத் தண்ணி' என்று ஒரு பாண்ட் இருந்தது என்பதே ஊருக்குத் தெரியாமல் போய்விடும். தெரிந்துகொண்டுதான் உன் சொந்தப் பாட்டுகளை நாய்க்கும் கச்சான் கடலை விற்கிறவனுக்கும் பாடிவிட்டுப் போகிறேன் என்கிறாய். அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சவுண்ட் சேர்விஸ் என்றால் ஊர் அப்பாவின் பெயரைத்தான் சொல்லும். பெட்டி தூக்குவது, மரத்தில் ஏறி லவுட்ஸ்பீக்கர் கட்டுவது, வயர் இழுப்பது, ஜெனரேட்டரோடு சண்டை பிடிப்பது எல்லாம் அப்பாதான். காது என்னுடையது. மிக்ஸருக்கு முன்னால் கதிரையைப் போட்டு நான் உட்கார்ந்தால் கோயிலடியில் ஒரு குசுகுசுப்பு ஓடும், "பொம்பிள வந்து சவுண்ட் போடுது" என்று. ஓடட்டுமே. இரண்டு பாட்டுக்குப் பிறகு அந்தக் குசுகுசுப்புக்காரனே வந்து "அக்கா, நல்லாக் கேக்குது" என்பான். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பனவு பின்னேரம் நாலு மணி. சனம் வராத நேரம். சின்ன பாண்ட்காரர்கள் வந்து மைக்கைத் தட்டி, கிற்றாரைச் சுருதி கூட்டி, சவுண்ட் செக் என்று ஒரு பாட்டு வாசிப்பார்கள். அந்த ஒரு பாட்டு மட்டும் அவர்களுடைய சொந்தப் பாட்டாக இருக்கும். பூசை முடிந்து சனம் கூடிய பிறகு விருப்பப் பாடல் கேட்டு எழுதிய துண்டுகள் மேடைக்கு வரத் தொடங்கிவிடும், பிறகென்ன, எல்லாம் படப்பாட்டு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஏறாவூர் பாண்டும் அப்படித்தான், கிரான் பாண்டும் அப்படித்தான். சொந்தப் பாட்டை நாலு மணிக்குப் பாடு, சனத்தின் பாட்டை ஏழு மணிக்குப் பாடு.

அந்த நாலு மணிப் பாட்டுகளுக்கு உலகத்திலேயே மூன்று பேர்தான் ரசிகர்கள், நீ, நான், அப்பா. வயலில் சூடடித்துவிட்டு நேரே வந்து தலையில் வைக்கோலோடு டிரம்ஸ் அடித்த அந்தக் கிரான் ஆளை மறந்திருக்க மாட்டாய். பகலில் சீலை விற்றுவிட்டுப் பின்னேரம் மண்டலின் வாசித்த ஏறாவூர்ச் சகோதரர்கள் மூன்று பேரையும்தான். வீட்டுக்கு வரும் வழியில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் இருந்துகொண்டு எந்த பாண்ட் திறம் என்று நீயும் நானும் சண்டை பிடிப்போம், அப்பா முன்னால் இருந்து "ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்க, எஞ்சின் சத்தம் கேக்குதில்ல" என்பார். கடையில் புதுக் கசெற் வாங்க முடியாத காலம் அது. பழைய பிரசங்கக் கசெற்றுகளை வாங்கி, மேல் ஓட்டையில் செலோரேப் ஒட்டி, அதன்மேல் பதிவேன். அதனால் சில பாட்டுகள் முடிந்த கையோடு ஒரு போதகர் வந்து அரை வசனம் பேசிவிட்டுப் போவார். நீ அதற்கும் சேர்த்துக் கைதட்டுவாய். பெயர் எழுதுவது உன் வேலை. பாண்டின் பெயர், பாட்டின் பெயர், கீழே ஒரு புள்ளி. உன்னிடம் பத்துக்கு ஒன்பது வாங்கிய பாண்ட் ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு ஆர் வந்தாலும் போட்டுக் காட்டுவேன். கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது எந்தப் படம்?" படம் இல்லை, பழுகாமத்துப் பொடியன்கள் என்று சொன்னால் முகம் அப்படியே வாடிப்போகும், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். எனக்குக் கோபம் வரும். இப்போது உண்மையைச் சொல்கிறேன் மகன், கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோசமும் இருந்தது. நமக்கு மட்டும்தான் விளங்கும், இவர்களுக்கு என்ன தெரியும் என்ற தலைக்கனம், நடப்பு. பக்கத்து வீட்டு மலர் ஒருநாள் ஏறாவூர் மண்டலினைக் கேட்டுவிட்டு, "அக்கா, இத ஒரு கிழமைக்குத் தாங்க, பிள்ளையளுக்கும் போட்டுக் காட்டுறன்" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. நாடா அறுந்துவிடும் என்று சாட்டுச் சொன்னேன். பிஸ்கட் தகர ரின்னுக்குள் பூட்டி வைத்தேன், அது அங்கேயே பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. யாருமே கேட்பதில்லை என்று வாய் கிழியக் கத்திய நான்தான் கேட்க வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நடப்பு உன்னிடமும் இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாத பாண்டை விரும்புவது நல்ல விசயம்தான். அது ஒருவருக்கும் தெரியாமலே இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுவது அந்த பாண்டுக்குச் செய்கிற துரோகம்.

ஒன்பது புள்ளி யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. பழுகாமத்துத் தேவன் அண்ணன். பகலில் வயல், பின்னேரம் பேஸ் கிற்றார். ஆறடி உயரம், குரல் மட்டும் பச்சைப் பிள்ளையின் குரல். வாவியைக் கடக்கிற 'பாதை'ப் படகில் இடம் கிடைக்காமல் கரையில் நின்றுவிட்ட ஒருவனைப் பற்றி அவர் பாட்டுக் கட்டியிருந்தார். மோட்டார் சைக்கிள் ஏறிவிட்டது, கோழிக்கூடை ஏறிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஏறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "பாதை போயிட்டு, நான் நிண்டிட்டன்" என்று முடிப்பார். முதல் தரம் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். நீ பார்த்துவிட்டு, "என்னம்மா, தூசா?" என்று கேட்டாய்.

இனி அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நீயும் நானும் பன்னிரண்டு வருசமாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. உனக்குப் பதினைந்து வயது. இதே கோயில், இதே சடங்குத் திருவிழா, இதே நிர்வாகத் தலைவர். சவுண்ட் செக்கில் தேவன் அண்ணன் ஒரு படப்பாட்டு வாசித்தார். நான் ஆச்சரியப்பட்டு, "என்ன அண்ணன், பாதைப் பாட்டு இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குத் தங்கச்சி, இண்டைக்கு அதச் சனத்துக்குப் பாடப் போறன்" என்றார். முகம் பூரித்துப் போயிருந்தது. பூசை முடிந்தது, சனம் நிறைந்தது, மூன்றாவது பாட்டாக அதைத் தொடங்கினார். முதல் வரியிலேயே ஒரு சலசலப்பு. பின்னால் இருந்து ஒருவன் விசில் அடித்தான். "டேய், படப்பாட்டப் போடுங்கடா" என்று ஒரு குரல், பிறகு பத்துக் குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தலைவர் விறுவிறு என்று மிக்ஸரடிக்கு வந்து என் காதுக்குள் குனிந்து, "இத நிப்பாட்டு. இல்லாட்டி அடுத்த வருசம் வேற சவுண்ட் செற்" என்றார். அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் ஏறி, கோழிக்கூடை ஏறி, மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஏறுவதற்குள் நான் மிக்ஸரில் அவருடைய மைக்கின் வழுக்குப் பொத்தானைக் கீழே இறக்கினேன். சட்டென்று இறக்க மனம் வரவில்லை. மெல்ல மெல்ல இறக்கினேன். அவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது, குரல் இல்லை. நான் கசெற் ஒன்றைத் தட்டிவிட்டேன், ஒரு படப்பாட்டு. சனம் கைதட்டியது.

நீ என் பக்கத்தில் இருந்தாய். என் முகத்தை நீ பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாய். அவர் மேடையை விட்டு இறங்கி வந்தபோது நான் முந்திக்கொண்டு சொன்னேன், "மைக் வயர் பழுதாப் போச்சு அண்ணன்." அந்த மனிசன் என்ன செய்தார் தெரியுமா? என்னை ஆற்றினார். "அதுக்கேன் புள்ள அழுறாய், வயர்தானே, விடு" என்றார். அன்றைக்கு நீ வீட்டுக்கு வரும் வழியில் சண்டை பிடிக்கவில்லை. அன்றைக்குப் பதிந்த கசெற்றில் பெயர் எழுதவும் இல்லை. அந்தக் கசெற் இன்றைக்கும் பெயரில்லாமல் ரின்னுக்குள் கிடக்கிறது, பாட்டு அரைவாசியில் தேய்ந்து நின்றுபோகிறது. தேவன் அண்ணன் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் சொந்தப் பாட்டுப் பாடவில்லை. நீ கிற்றார் பிடித்தாய், பாட்டுக் கட்டினாய், பாண்ட் தொடங்கினாய். ஆனால் இத்தனை மேடையில் ஒருதரமாவது ஏழு மணிக்கு உன் பாட்டைப் பாடினாயா? நீ பயந்தவன் இல்லை மகன். என்னைக் காப்பாற்றுகிறாய். அம்மாவின் கைக்கு மறுபடியும் அப்படி ஒரு வேலை வரக்கூடாது என்று பாட்டை நீயே கீழே இறக்கிவிடுகிறாய். "உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது" என்று நீ சொன்னதன் அர்த்தம் அதுதானே? எனக்கு அந்தத் தயவு வேண்டாம்.

புதன்கிழமை காலையில் பஸ் ஏறிப் பழுகாமத்துக்குப் போனேன். அப்பாவிடம் சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன், அதுவும் பொய்தான். தேவன் அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தண்ணி இறைக்கிற மெசினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. நான் உட்காரவில்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். வயர் பழுதில்லை, நான்தான் இறக்கினேன், மறுகா உங்களுக்குப் பொய்யும் சொன்னேன் என்று. அவர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"வயர் பழுதெண்டாக் கரகரக்கும், இல்லாட்டிப் பட்டெண்டு நிக்கும். அண்டைக்கு அப்பிடியே வழுக்கிக்கொண்டெல்லோ இறங்கின. கை வைச்சாத்தான் அப்பிடி இறங்கும். நானும் எத்தின மிக்ஸர் பார்த்த நான்."

"மறுகா ஏன் அண்ணன் கேக்கல்ல? ஏசியிருக்கலாமே. நாலு பேருக்கு முன்னால ஏசியிருந்தாலும் நான் வாங்கியிருப்பனே."

அவர் ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைத்தார். "என்ர பாட்ட ஆசைப்பட்டு ரெக்கோட் பண்ணின ஆள் நீ ஒராள்தானே. உன்னோடயும் கோவிச்சா, நான் ஆருக்குப் பாடுற?"

அந்த முற்றத்தில் நான் அழுத அழுகையை இங்கே எழுத மாட்டேன். அவருடைய மனிசி உள்ளே இருந்து ஓடி வந்து, "என்னகா, ஆருக்கும் சாவா?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். சனிக்கிழமை வாருங்கள், நான் மேடைக்கு ஏற்றுகிறேன், பாதைப் பாட்டைப் பாடுங்கள் என்று கெஞ்சினேன். சிரித்தார். "என்ர பாட்டு வேணாம். பாதை போயிட்டுதானே, இனி ஓடிப் பிடிக்க ஏலா. பொடியன்ர பாட்டக் கேக்க வாறன். என்னமோ திறப்புப் பாட்டாமே, அன்சார் சொன்னவன். ஆனா ஒண்டு, நீ கைய மடியில வைச்சுக்கொண்டு இருக்கோணும்." திறப்புப் பாட்டைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு அறைத் திறப்பை, சாவியை எடுத்துக் கொடுக்கிறவன், தன் வீட்டுப் பூட்டு உடைந்து கயிறு கட்டியிருக்கிறதைப் பாடுகிற பாட்டு. நீ அதை எனக்குக்கூட ஒரு தரம்தான் பாடிக் காட்டினாய், அதுவும் குசினிக்குள், தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். அவர், "அந்த வயர அடுத்த நாள் முழுக்கப் பிரிச்சுப் பார்த்த நான், ஒரு பழுதும் காணல்ல. வயருக்கு நான் வைச்ச ஈயப் பத்துத்தான் பிழையெண்டு பன்னெண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருக்கன். போகா" என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போனார். அன்றைக்கு மத்தியானம் என்னோடு சாப்பிடவில்லை. பின்னேரம் வந்து, "சனிக்கிழம பெரிய பெட்டி ரெண்டையும் ஏத்துவம். பொடியன்ர பாட்டு பாலத்துக்கு அங்கால கேக்கோணும்" என்றார். இந்த மனிசனிடம் ஒரு பொய் சொன்னால் அவருடைய கையும் சேர்ந்து பழி சுமக்கிறது என்று எனக்கு இத்தனை வருசம் தெரியவில்லை. நீ கலியாணம் கட்டும்போது இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

நேற்றுத் தலைவரையும் போய்ப் பார்த்தேன். சும்மா விடுவேனா? "தலைவர், சனிக்கிழம பொடியன்கள் ஏழு மணிக்குச் சொந்தப் பாட்டு ஒண்டு பாடுவானுகள். மூணாவது பாட்டு. அது முடியும் வரைக்கும் மிக்ஸரடிக்கு ஆரும் வரப்படா" என்றேன். "சனம் கூக்காட்டினா?" என்றார். "கூக்காட்டட்டும், அவனுக்கும் காது இருக்கு, கேக்கட்டும். பாட்டு முடிஞ்ச பிறகு உங்கட சனத்துக்கு விடியும்வரைக்கும் படப்பாட்டு." "அடுத்த வருசம் வேற செற் பிடிக்க வேண்டி வரும், யோசிச்சுக்கொள்ளு." "பன்னெண்டு வருசம் யோசிச்ச நான் தலைவர், இனி யோசிக்க ஒண்டுமில்ல. பிடியுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மலரின் வீட்டுக்குப் போய், பிஸ்கட் ரின்னையே கொடுத்துவிட்டேன். அவளுடைய மகள் கசெற்றுகளைப் போனுக்கு மாற்றித் தருகிறாளாம். "அக்கா, இதில ஒண்டுக்குப் பேரில்லையே" என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு என் மகன் வந்து எழுதுவான் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் இப்போது கவனமாகக் கேள். சவுண்ட் செக்கில் படப்பாட்டு வாசியுங்கள், என்ன கண்றாவியையும் வாசியுங்கள். திறப்புப் பாட்டை நாலு மணிக்கு யாரும் தொடக்கூடாது. ஏழு மணிக்கு, மூன்றாவது பாட்டாக அது வரவேண்டும். "இது எந்தப் படம்?" என்று எவனாவது கத்தினால் கோபப்படாதே, வெட்கப்படவும் வேண்டாம், "எங்கட பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போ. தேவன் அண்ணன் செய்த பிழையைச் செய்யாதே, கண்ணை மூடிக்கொண்டு பாடாதே. சனத்தைப் பார்த்துப் பாடு. கூக்காட்டுகிறவன் பத்துப் பேர் என்றால், பேசாமல் கேட்கிறவன் ஒருவனாவது இருப்பான், அவனைத் தேடிப் பிடி. ஒருவரும் கிடைக்காவிட்டால் மிக்ஸரடியைப் பார். தேவன் அண்ணனுக்கு என் பக்கத்தில் கதிரை போட்டிருப்பேன். அப்பா மரத்தடியில் நிற்பார்.

இனி உறைக்குள் உருளுவதை எடு. அது உன் மைக்கின் பொத்தான். இன்றைக்குக் காலையில் மிக்ஸரில் இருந்து கழற்றினேன். கழற்றிய இடத்தில் ஒரு மெல்லிய தகடுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை மேலே தள்ளி வைத்து, செலோரேப் ஒட்டிவிட்டேன். மற்றப் பொத்தான்களை வைத்து நான் சமாளித்துக்கொள்வேன், அது என் தொழில். இது உன் சட்டைப் பையில் இருக்கட்டும். பாடி முடித்து இறங்கி வந்து, நீயே உன் கையால் அதை மிக்ஸரில் திருப்பிப் பூட்டு.

இப்போது சாப்பிடு. இறால் ஆறிப்போகும்.

அம்மா